கோப்பிப் பூவும் சீதன வீடும்

எங்கள் கோப்பி பூத்ததை நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்தப் பூவைப் பற்றிக் கேட்டுக் கேட்டே காது தேய்ந்துவிட்டது. மழை விழுந்து ஒரு கிழமை கழிய, ஒரே விடியலில் தோட்டம் முழுக்க வெள்ளையாகுமாம். பிச்சிப்பூ மாதிரி மணக்குமாம். இரண்டு மூன்று நாளில் எல்லாம் கொட்டிவிடுமாம். எல்லாமே இந்த ‘மாம்’ போட்ட கதைதான். நான் பார்த்தது ஒன்றுமில்லை.

இந்த வருடமும் அப்படித்தான் ஆனது. பூத்த அன்று காலை, பசறைக்கு மேலே மலையில் இருக்கிற என் புருஷன் போன் எடுத்தார். நான் மருதமுனையில், மகளுடைய வீட்டில், பிறந்த பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள, பூத்திருச்சு. பாரு, பாரு," என்று வீடியோவில் காட்டினார். போன் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ ஆடியது. அதற்குள் சிக்னல் போய், படம் கட்டம் கட்டமாக நின்றுவிட்டது.

"மணக்குதா?" என்றார். ஐம்பது தாண்டியும் மனிசனுக்கு அந்தப் பகிடிப் பேச்சுப் போகவில்லை.

"ஓம் ஓம், நல்லா மணக்குது. உங்கட பேத்திர மூத்திரம்தான் மணக்குது," என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டில் பெரிய மனிசி அழுதால் ஊர் என்ன கதைக்கும்? குழந்தையின் துணியை அலசப் போகிற மாதிரிக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நகையோ ஹஜ்ஜுக் கனவோ பிறகு. அந்தப் பூ பூக்கிற நாளில் நான் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் எங்கள் வாழ்க்கையில் அவர் வீட்டில் இல்லாத காலத்துக்கே பூக்காலம் என்றுதான் பெயர்.

இதை வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. வீடு பெண்ணுடையது. பெண் குழந்தை பிறந்த நாளிலிருந்தே வாப்பாக்காரன் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஒரு உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். மகள் வளர்ந்து கல்யாணம் முடித்தால், வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு, தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கம் இரண்டு அறை போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். பிறகு அவளுடைய மகள், பிறகு அவளுடைய மகள். இப்படியே போகும்.

என் வாப்பா எங்கள் ஊர்த் தறிச் சாரங்களை மூட்டை கட்டிக்கொண்டு பதுளைப் பக்கம் போய் விற்பவர். மழைக்கு ஒதுங்கிய இடத்தில்தான் இவருடைய குடும்பத்தைப் பிடித்திருக்கிறார். சரிவில் ஒரு துண்டு கோப்பி, நிழல் மரங்களில் மிளகுக் கொடி, கோப்பிக்கு இடையில் கால் நட்டு வைத்த தேன் பெட்டிகள். அவ்வளவுதான் சொத்து. அந்த வீட்டின் ஒரே மகனைத்தான் எனக்குப் பேசினார்.

அவர்கள் திகைத்துப் போனார்களாம். "பொண்ண அனுப்ப மாட்டாங்களாம், பையனத்தான் அனுப்பணுமாம், இது என்ன ஊரு?" என்று மாமி கேட்டதை, மாமியே பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். இவர் மட்டும் சரி என்றிருக்கிறார். ஏன் சரி சொன்னீர்கள் என்று நான் பல தடவை கேட்டேன். "ஒன்ன ஒரு தரம் பாத்துட்டேன். அப்புறம் என்ன செய்றது?" என்பார். எங்கள் ஊரில் ‘மறுகா’ என்போம். அவர் ‘அப்புறம்’ என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே என் தோழிகள் யன்னலுக்கு வெளியே நின்று அவர் பேச்சைக் கேட்டுக் கெக்கலித்த காலம் அது.

வந்தார். ஆனால் கோப்பி வரவில்லையே! அந்தத் துண்டுக் காணியைப் பார்க்க அவரை விட்டால் ஆளில்லை. வீட்டையும் பிள்ளையையும் விட்டு நான் கூடப் போகவும் வழியில்லை. பூக்கிற நேரத்துக்குப் போக வேண்டும். பெட்டிகளில் தேன் நிறைந்தால் எடுக்கப் போக வேண்டும். பழம் சிவந்தால் பறிக்கப் போக வேண்டும். கோப்பி வருடத்துக்கு ஒருமுறைதான் காசு காட்டும். அதுவும் விலை விழுந்தால் உரத்துக்கே சரி. இடையில் அடுப்பெரிய வைத்தது தேன்தான். "பூச்சிக்கு நாம சம்பளம் குடுக்கிறதில்ல, ஆனா அது ரெண்டு வேல செய்யுது," என்பார். தேனும் தரும், பூவில் உழக்கிவிட்டுக் காயும் பிடிக்க வைக்கும். பெட்டி வைத்த பிறகு கொப்பில் காய் நெருங்கிப் பிடித்தது என்று விரலை ஒட்ட வைத்துக் காட்டுவார்.

தேனை விற்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் முன்னறையில் மெஷின் போட்டு அபாயா தைக்கிறவள். தைக்க வருகிற பெண்களிடம் தேன் விற்பது பெரிய பாடா? நோன்புக்கும் இருமலுக்கும் பிள்ளைக்குத் தொட்டு வைக்கவும் எங்கள் ஊரில் தேனுக்கு ஆள் இருக்கிறது. ஆனால் முதல் தடவை இவர் மலையிலிருந்து கொண்டுவந்தாரே ஒரு பை, அல்லாஹ்வே! அத்தனையும் சாராயப் போத்தல். மலையில் தேன், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாமே அந்தப் போத்தலில்தான் விற்பார்களாம். லேபலைச் சுரண்டி, சுடுதண்ணீரில் கழுவி, பளிச்சென்று வைத்திருந்தார் பாவம். உம்மா பார்த்த பார்வையில் தேன் திரைந்திருக்க வேண்டும்.

"இந்தப் போத்தல் ஊட்டுக்குள்ள வரப்படாது மகன்!"

"கழுவினது மாமி."

"ஏழு தரம் கழுவினாலும் அது அந்தப் போத்தல்தானே?"

வேடிக்கை என்னவென்றால், லேபல் இல்லாமலே அது எந்தப் போத்தல் என்று தெருவில் அத்தனை பேருக்கும் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கே ஜாம் போத்தல் தேடி நான் கல்முனைக் கடையெல்லாம் ஏறி இறங்கினேன். அதன் பிறகு எங்கள் தேன் ஜாம் போத்தலில்தான்.

அவர் ஒவ்வொரு முறை மலைக்கு வெளிக்கிடும்போதும் நான் கேட்டடிக்கு வந்து ஒன்று சொல்வேன். "கெதியா வந்து போங்க." சீக்கிரம் வாருங்கள் என்பதுதான் அர்த்தம், எனக்கு அது சாதாரணச் சொல். வீட்டுக்கு வருகிற யாருக்கும் அப்படித்தான் சொல்வோம். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"வந்து போறதா? நான் என்ன விருந்தாளியா? போயிட்டு வாங்கன்னு சொல்லேன்."

"ரெண்டும் ஒண்டுதானே!"

"சரி சரி. வந்து போறேன்."

பகிடி என்றுதான் நானும் சிரித்தேன். ஊரிலும் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ‘வந்து போற மச்சான்’ என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் அவர் பதுளை பஸ்ஸிலிருந்து ஒரு தேன் பெட்டியோடு இறங்கினார். வாசலைக் களிமண் வைத்து அடைத்து, நனைத்த சாக்கால் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கண்டக்டர் கேட்டதற்குக் கோழிக்குஞ்சு என்றாராம். உள்ளே உறுமுகிற சத்தத்துக்கு அது எந்தக் கோழியோ!

"இது இங்க புடிச்சிருச்சுன்னா, நாலு பெட்டியாக்கலாம், பத்தாக்கலாம். காணியக் குத்தகைக்குக் குடுத்துட்டு நான் இங்கேயே இருந்துருவேன்," என்றார்.

அவ்வளவுதான், அன்றிலிருந்து அந்தப் பெட்டி எனக்குப் பெட்டியில்லை. பூச்சி நின்றால் மனிசன் நிற்பார். முருங்கை மரத்துக்குக் கீழே வைத்து, எறும்பு ஏறாமல் நான்கு காலுக்கும் சிரட்டையில் தண்ணீர் வைத்தோம். தைக்கிறதை விட்டுவிட்டு நான் போய்ப் போய்ப் பார்ப்பேன். முருங்கைப் பூவுக்கும் தென்னம்பாளைக்கும் பூச்சி போய் வந்தது. காலில் மஞ்சளாய்ப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

பூச்சி நின்றது. தேன்தான் சேரவில்லை. அந்த வருட நோன்பில் ஒரு கூத்து நடந்தது. சந்தியில் ஒருவர் நோன்பு திறக்கிற நேரத்துக்கு ரோஸ் பாணி கலந்து சர்பத் விற்பார். அசர் தொழுகை முடிந்து அவர் பாணி வாளியைத் திறந்தால் எங்கள் வீட்டுப் பட்டாளம் அங்கே ஆஜர். "உங்கட பூச்சிக்கு நோன்பில்லையா தங்கச்சி?" என்று வாசலில் வந்து நின்று கத்தினார். பெருநாளைக்குப் பெட்டியைத் திறந்தால் வதையில், அதாவது தேனடையில், தேன் சிவப்பாக இருந்தது, சர்பத் மாதிரியே. அதை நான் யாருக்கு விற்பது? இதுதான் சுத்தத் தேன் என்று சத்தியம் பண்ண முடியுமா? தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாண் ரொட்டியில் பூசிக் கொடுத்து முடித்தோம். அவர் மட்டும் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கடைச் சீனி. கோப்பிப் பூ இல்லாம இதுங்க என்ன செய்யும், பாவம்," என்றார்.

அடுத்த பூக்காலத்துக்கும் வழக்கம் போல மலைக்குப் போய்விட்டார். நானும் வழக்கம் போல "வந்து போங்க" என்று அனுப்பிவிட்டு மெஷினில் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் இல்லாத அந்த நாட்களில் ஒரு முற்பகல், வளவில் மழை இரைகிற மாதிரிச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் பெட்டி வாசலிலிருந்து பூச்சி கொட்டுகிறது. கூட்டமாக மேலே எழும்பி, வானத்தில் சுழன்று, பக்கத்து வளவு மாமரத்தில் தாடி மாதிரித் தொங்கியது. நான் கும்பிடாக் குறையாகக் கத்தினேன். "போகாதீங்க, போகாதீங்க!" அயல் பெண்கள் குளவி குளவி என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாடி கரைந்து, தென்னைகளுக்கு மேலால் பெரியநீலாவணைப் பக்கம் போய்விட்டது.

உள்ளே ஓடிப் போனை எடுத்தேன். பூச்சி போனால் அவரும் இங்கே நிற்கமாட்டார் என்ற எண்ணம்தான். போனில் அழுதுகொண்டே சொன்னேன். "எல்லாம் போயிட்டு. நம்மட ஊடு அதுகளுக்குப் புடிக்கல்ல."

"ஏய், அழாத. பெட்டியில காத வச்சுப் பாரு," என்றார்.

பயந்து பயந்து போய் வைத்துப் பார்த்தேன். உள்ளே இரைந்துகொண்டிருந்தது. முன்னைவிட மெல்லிய சத்தம், ஆனால் இருந்தது.

"இரிக்கி," என்றேன்.

"இருக்கும். போனது கெழவி ராணி. மக ராணி பொறக்கப் போறான்னு தெரிஞ்சா, அவ பாதி ஆளக் கூட்டிக்கிட்டு வெளியாயிருவா. கட்டின வதை, சேத்த தேன், எல்லாத்தையும் மகளுக்கு விட்டுட்டு. போற வழிக்கு வயித்த நெறச்சுக்கிட்டுப் போவா, அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்து அவரே சிரித்தார். "அட, ஒங்க ஊரு சட்டம்தான் புள்ள. வீட்ட மகளுக்குச் சீதனமாக் குடுத்துட்டா."

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் இன்னொன்றும் சொன்னார், அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மலையில் ஒரு வெற்றுப் பெட்டியைக் கழுவி, உள்ளே மெழுகு பூசி, கோப்பிக்குள் எப்போதும் வைத்திருப்பாராம். இப்படி வெளியாகிற ராணி எங்காவது போவாள்தானே, வந்தால் இருக்கட்டும் என்று.

மகள் வளர்ந்தாள். போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் கழியச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பார்த்து முடித்து வைத்தோம். வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார்கள். என் ராத்தா, அதாவது மூத்தவள், அடுத்த நாளே வீடு கட்டுகிற மேசனைக் கூட்டிக்கொண்டு பின்வளவுக்கு வந்துவிட்டாள். கையில் நூல், முளை எல்லாம்.

"முருங்கையத் தறிச்சா ரெண்டு அறையும் ஒரு குசினியும் போடலாம். நீ இங்கால இரி. அவர் வரக்குள்ள வந்து போகட்டும்."

நான் முருங்கையைப் பார்த்தேன். கீழே பெட்டி இரைந்துகொண்டிருந்தது. மேசன் முளை அடிக்கக் கையை ஓங்கினான்.

"அடிக்காதீங்க. எனக்கு இங்க அறை வேணாம்," என்றேன்.

"மறுகா எங்க இரிக்கப் போறாய்?"

"என்ட மனிசன் இரிக்கிற இடத்தில."

ராத்தா வாயில் கை வைத்தாள். "இந்த வயசிலயா? ஊர் சிரிக்கும் புள்ள! எந்தப் பொம்புள இங்கரிந்து மாப்புள ஊட்ட போயிரிக்காள்?"

"சிரிக்கட்டும். எனக்கு அவரோட இரிக்க ஆசையா இரிக்கி ராத்தா. ஆசைக்கு வயசென்ன?"

சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போனது. மேசன் நூலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வளவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தையல் மெஷின், இரண்டு மூட்டை உடுப்பு, ஒரு பெட்டி நிறையக் கருவாடு. வயிற்றை நிறைத்துக்கொண்டு நானும் வெளியானேன். தேன் பெட்டியை மகளுக்கு விட்டேன். பசறைச் சந்தியில் அவர் நின்றார். வெள்ளைச் சேர்ட், புதுச் சாரம், மாப்பிள்ளை மாதிரி. என்னைப் பார்த்ததும் பையை வாங்க மறந்து சும்மா நின்றார். அறைச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார். யன்னலைத் திறந்தால் கோப்பிதான். மெஷினை அந்த யன்னலடியில் வைத்தேன்.

மலை எனக்கு உடனே ஒத்துவந்தது என்று பொய் சொல்லமாட்டேன். குளிரில் முழங்கால் பிடித்தது. கடல் இரைச்சல் இல்லாமல் தூக்கம் வரவில்லை. ‘ஓம்’ என்றால் கடைக்காரப் பெடியன் சிரித்தான். ஆனால் காலையில் கண் விழித்தால் அவர் இருந்தார். தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையோடு பெட்டிக்குப் பெட்டி நடப்பதை யன்னலால் பார்த்துக்கொண்டே தைப்பேன். பழம் சிவந்தது. பறித்தோம், காய வைத்தோம், விற்றோம். இனி ஒரு மழை விழுந்தால் பூத்துவிடும், இந்த முறை நான் பார்த்துவிடுவேன் என்று இருந்தேன். அந்த மழை விழுந்த அன்றுதான் மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று போன் வந்தது.

என்ன செய்வது? பூ பார்க்க வேண்டும் என்று பிள்ளைப்பேற்றுக்குப் போகாமல் இருக்க முடியுமா? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அவர் கீழே நின்று யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வா," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பிள்ளைப்பேற்று வீட்டில் நாற்பது நாளும் கழிந்தது. நல்ல பிள்ளை, அவள் வாப்பாவின் மூக்கு. மருமகனும் தங்கமான மனிசன்தான். ஆனால் அந்த நாட்களில் என் வீட்டுக் குசினியில் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று நான் மகளைக் கேட்டுத்தான் எடுத்தேன். அலுமாரி இடம் மாறியிருந்தது. என் மெஷின் நின்ற இடத்தில் மருமகனுடைய மோட்டார் சைக்கிள் நின்றது. பின்வளவில் போய் நின்றால் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. ஒரு காலுக்குச் சிரட்டையில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. ஊற்றிவிட்டு வந்தேன்.

வெளிக்கிடுகிற நாள் மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டடிக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு சொன்னாள்.

"கெதியா வந்து போங்க உம்மா."

நான் பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அவளில் பிழை இல்லை. பாசத்தில்தான் சொன்னாள். நான் சொன்ன மாதிரியே, அதே கேட்டில், அதே இடத்தில் நின்றுகொண்டு சொன்னாள். எத்தனை பூக்காலம் அந்த மனிசன் இதைக் கேட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, இந்தப் படியிறங்கிப் போயிருப்பார்! குனிந்து பையை எடுத்தேன்.

"ஓம் மகள். வந்து போறன்," என்றேன்.

பஸ் அம்பாறை தாண்டி வயலெல்லாம் முடிந்த பிறகுதான் போனை எடுத்தேன். அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்க நிக்கிற?"

"வெளிக்கிட்டிட்டன். ஊட்ட வாறன்."

"வீட்டுக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.  

"பூவெல்லாம் கொட்டிப் போச்சே புள்ள," என்றார்.

"கொட்டினாக் கொட்டட்டும். சோத்த வடிச்சு வைங்க, பசியோட வாறன்," என்றேன்.